96 முடிவுகள், 288 கட்டுரைகள்: பொருளாதார ஆய்வை ஏஐ எழுதினால் என்ன ஆகும்?

2025 ஜனவரியில் அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வு மையமான என்பிஇஆர் ஒரு வொர்க்கிங் பேப்பரை, அதாவது ஆய்விதழில் வருவதற்கு முந்தைய வரைவுக் கட்டுரையை, வெளியிட்டது. எழுதியவர்கள் ராபர்ட் நோவி-மார்க்ஸ், மிஹைல் வெலிகோவ் என்ற இரண்டு நிதியியல் பேராசிரியர்கள். நிறுவனங்களின் கணக்கறிக்கைகளில் உள்ள எண்களை வைத்து, பங்குகளின் வருவாயை முன்கூட்டியே காட்டக்கூடிய 30,000-க்கும் மேற்பட்ட குறியீடுகளை அலசினார்கள். கடுமையான சோதனைகளைத் தாண்டி 96 தேறின. இதுவரை நிதியியலில் வழக்கமாக நடப்பதுதான். அதற்கடுத்து அவர்கள் செய்ததுதான் புதிது. தேறிய ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று முழு ஆய்வுக் கட்டுரைகளை ஏஐ-யை எழுத வைத்தார்கள். எண்களும் அட்டவணைகளும் மூன்றிலும் ஒன்றே. அந்த எண்கள் ஏன் அப்படி வந்தன என்பதற்கான கோட்பாட்டு விளக்கம் மட்டும் மூன்றிலும் வேறு வேறு. மொத்தம் 288 கட்டுரைகள்.

குறியீடுகளுக்கு எடுப்பான பெயர்களையும் ஏஐ-யே சூட்டியது. முன்னோர் ஆய்வுகளை மேற்கோள் காட்டியது. அவற்றில் சில யாரும் எழுதாத கட்டுரைகள் என்பதை ஆசிரியர்கள் இருவரும் சுருக்கவுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். கேலிக்காகச் செய்தது போலத் தோன்றலாம். ஆனால் எண்களைக் கணக்கிட்டது ஏஐ அல்ல, ஏற்கெனவே சோதித்த நிரல்தான் என்பதை நினைவில் வைத்துப் படித்தால் அடிவயிறு கொஞ்சம் கலங்கும். எண்கள் சரி. கதைகள்தான் கேட்ட மாதிரியெல்லாம் கிடைத்தன.

பொருளாதாரக் கட்டுரைகளை ஏஐ உதவியோடு எழுதுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘இது காப்பியா இல்லையா’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அது இரண்டாம்பட்சம். இந்தத் துறையில் நன்றாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையே இத்தனை நாள் ஒரு சான்றுபோல வேலை செய்துவந்தது. அந்தச் சான்றின் விலை இப்போது தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. மற்ற விளைவுகளெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இதைப் புரிந்துகொள்ளும் கருவி பொருளாதாரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேலைச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்ததில் அதற்கு முக்கிய இடம் உண்டு. ஒருவர் திறமைசாலியா என்று முதலாளிக்கு நேராகத் தெரியாது. பட்டம் அதற்கு அடையாளமாகிறது. பாடம் வேலைக்குப் பயன்படாவிட்டாலும் அடையாளம் செல்லும், ஏனென்றால் திறமை குறைந்தவருக்கு அதே பட்டத்தை வாங்குவது கூடுதல் சிரமம். அடையாளத்தின் மதிப்பே அதை வாங்கும் சிரமத்தில்தான் இருக்கிறது. எல்லாருக்கும் சுலபமாகக் கிடைத்தால் அது எதையும் பிரித்துக் காட்டாது.

ஆய்விதழ் ஆசிரியரின் மேசையில் நடப்பதும் இதேதான். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிற கட்டுரைகளின் தரவைத் திறந்து பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. முன்னுரையைப் படிப்பார். கேள்வி தெளிவாக இருக்கிறதா, முந்தைய ஆய்வுகளை இவர் உண்மையிலேயே படித்திருக்கிறாரா, தன் முறையின் ஓட்டைகள் தெரிந்து பேசுகிறாரா என்று பார்ப்பார். இதெல்லாம் சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் வேலையும் ஒழுங்காக இருக்கும் என்று ஒரு கணக்கு. ஓரளவு பலித்த கணக்குதான். நல்ல முன்னுரை எழுதவே மாதக்கணக்கில் ஆகும், அந்த மாதங்களில் ஆய்வாளர் தன் வாதத்தோடு மல்லுக்கட்டியிருப்பார்.

பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013-ல் முதல் வரிசை ஆய்விதழ்கள் ஐந்தின் நாற்பதாண்டுப் போக்கைத் தொகுத்தார்கள். 1990-க்கும் 2012-க்கும் இடையில் வந்து சேரும் கட்டுரைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகின. ஏற்கப்படும் விகிதம் 15 சதவீதத்திலிருந்து 6-க்கு இறங்கியது. 1970-களோடு ஒப்பிட்டால் கட்டுரையின் நீளம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதாவது சாட்ஜிபிடி வருவதற்குப் பத்தாண்டு முன்பே இந்தத் துறையில் வாசலில் கூட்டம், கையில் தடித்த கட்டு. இந்த வாசலுக்குத்தான் ஏஐ வந்திருக்கிறது.

பொருளாதாரக் கட்டுரையின் அச்சு ஏஐ-க்கு வாகாக அமைந்துவிட்டது என்பதும் உண்மை. முதல் பத்தியில் கேள்வி, அடுத்து அது ஏன் முக்கியம், பிறகு தரவு, முறை, ‘நாங்கள் கண்டறிந்தது’, அப்புறம் ‘எங்கள் பங்களிப்பு மூன்று’, கடைசியில் ‘இரண்டாம் பகுதியில் இது, மூன்றாம் பகுதியில் அது’ என்று ஒரு வழிகாட்டிப் பத்தி. அந்த வழிகாட்டிப் பத்தியை யாரும் படிப்பதில்லை என்று பொருளாதார அறிஞர் டெய்ட்ரே மெக்லாஸ்கி பல ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஏஐ பிசகில்லாமல் எழுதுவது அதைத்தான்! அதே மெக்லாஸ்கி, பொருளாதார அறிஞர்கள் எண்களால் மட்டுமல்ல, சொல்வன்மையாலும் ஒருவரையொருவர் நம்பவைக்கிறார்கள் என்று 1983-லேயே எழுதினார். அன்றைக்கு அது பலருக்கு எரிச்சலூட்டிய வாதம். இன்றைக்குச் சொல்வன்மையை மாதச் சந்தாவுக்கு வாங்கலாம்.

உதவி உண்மையானது

ஏஐ-யால் ஒரு நன்மையும் இல்லை என்று பேசுகிறவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்க்காதவர்கள், அல்லது பயன்படுத்திவிட்டு வெளியே சொல்லாதவர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆன்டன் கோரினெக் 2023-ல் ஜர்னல் ஆஃப் எகனாமிக் லிட்டரேச்சரில் எழுதிய கட்டுரை, யோசனை தேடுவது, எழுதுவது, பின்னணி வாசிப்பு, தரவு, நிரல், கணித வருவிப்பு என்று ஆறு வகை வேலைகளில் ஏஐ எங்கெங்கே கைகொடுக்கும் என்று வரிசையாகச் சோதித்துச் சொன்னது. ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் எழுதிய நிரலை ஆர் என்ற நிரல் மொழிக்கு மாற்றுவது, கட்டுரையை அச்சு வடிவில் அமைக்கும் லேடெக்ஸில் அட்டவணையை ஒழுங்குபடுத்துவது, 180 சொல் சுருக்கவுரையை இதழ் கேட்கும் 100 சொல்லுக்குள் அடக்குவது போன்ற வேலைகளில் ஒரு முழுநாள் மிச்சமாகிறது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

எம்ஐடி-யைச் சேர்ந்த ஷேக்கட் நொய், விட்னி ஜாங் இருவரும் 2023-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட பரிசோதனையில், பட்டம் படித்து வேலையில் இருக்கும் 453 பேருக்கு அலுவலக எழுத்து வேலைகள் தரப்பட்டன. சாட்ஜிபிடி கிடைத்தவர்கள் 40 சதவீதம் குறைவான நேரத்தில் முடித்தார்கள், தரம் 18 சதவீதம் கூடியது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஆரம்பத்தில் சுமாராக எழுதியவர்களுக்கே அதிக லாபம். அவை செய்தி அறிக்கை, சிறு குறிப்பு போன்ற வேலைகள், ஆய்வுக் கட்டுரைகள் அல்ல. ஆனாலும் திசை தெளிவு.

இந்த இடத்தில் நம்மூர் ஆய்வாளர் ஞாபகத்துக்கு வராமல் இருக்க முடியாது. அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் பொருளாதாரம் படித்துவிட்டு பிஎச்டி-க்கு வரும் ஒருவருக்குக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் எப்படிச் சுழல்கிறது, மகளிர் குழுவில் ஒரு தவணை தவறினால் யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அதை ஆய்விதழ் ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடும். ‘ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தவும்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்த கட்டுரைகள் இங்கே எத்தனையோ. மொழித் திருத்தத்துக்கென்று கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் இதை நம்பியே பிழைக்கின்றன. அந்தச் செலவு இப்போது இல்லை. ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் இத்தனை காலம் சும்மா அனுபவித்த ஒரு சலுகை கரைகிறது, கரையட்டும்.

இதிலும் ஒரு குத்தல் இருக்கிறது. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக வெளிநாட்டவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை ஏஐ என்று தவறாக முத்திரை குத்தின. இரவல் மொழியில் எளிய சொற்களை வைத்து எழுதினால் இயந்திரம்போலத் தெரிகிறதாம். உதவி வாங்காமல் எழுதினால் ஏஐ என்று சந்தேகம், வாங்கி எழுதினால் சொல்லியாக வேண்டும் என்ற விதி.

வாக்கியம் எங்கே வழுக்குகிறது

இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டுவதுதான் எல்லாருக்கும் தெரிந்த பிழை. 2023 ஜனவரியில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞரும் செஸ் கிராண்ட்மாஸ்டருமான டேவிட் ஸ்மர்டன், பொருளாதாரத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று சாட்ஜிபிடியைக் கேட்டார். டக்ளஸ் நார்த்தும் ராபர்ட் தாமஸும் 1969-ல் எழுதிய ‘எ தியரி ஆஃப் எகனாமிக் ஹிஸ்டரி’ என்று பதில் வந்தது. அப்படி ஒரு கட்டுரை கிடையாது. ஆனால் அந்தப் பொய்யின் நெசவைப் பாருங்கள். நார்த்தும் தாமஸும் உண்மையிலேயே சேர்ந்து எழுதியவர்கள், துறையும் பொருளாதார வரலாறுதான். அதே தலைப்பில் அதே 1969-ல் ஒரு புத்தகம் உண்மையிலேயே வந்திருக்கிறது, அதை எழுதியவர் ஜான் ஹிக்ஸ். ஒவ்வொரு நூலும் அசல், துணி மட்டும் போலி. துறை தெரிந்தவர்கூட ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே’ என்று தாண்டிப் போய்விடுவார்.

இப்போதைய மாடல்கள் இணையத்தில் தேடிச் சரிபார்த்துவிட்டுச் சொல்வதால் இந்த வகைப் பிழை குறைந்திருக்கிறது. ஆனால் இது பிடிபடக்கூடிய பிழை. தலைப்பைத் தேடினால் இரண்டு நிமிடத்தில் குட்டு வெளிப்படும். நான் பயப்படுவது தேடிக் கண்டுபிடிக்க முடியாத வழுக்கல்களுக்கு.

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனால் வேலைக்குப் போகும் பெண்கள் அதிகரித்தார்களா என்பது கேள்வி. ஒரு பெண் வேலைக்குப் போகிறார் என்றால் 1, இல்லையென்றால் 0. ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் ரிக்ரஷன் ஓட்டுகிறோம், திட்டத்தின் விளைவைக் காட்டும் எண்ணான கெழு 0.043 என்று வருகிறது. இந்த அட்டவணையை ஏஐ-யிடம் கொடுத்து ‘முடிவுகள்’ பகுதியை எழுதச் சொன்னால் ‘வேலைவாய்ப்பு 4.3 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுத வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மனிதர்களும் ஏராளமாக அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அது 4.3 சதவீதப் புள்ளி. முன்பு நூற்றுக்கு 25 பெண்கள் வேலையில் இருந்தார்கள் என்றால் உயர்வு ஏறக்குறைய 17 சதவீதம். ஒரு சொல் விடுபட்டதில் விளைவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இதாவது எண் சம்பந்தப்பட்டது, நல்ல மாடல்கள் இன்று இதைச் சரியாகவே எழுதிவிடும். முறையைப் பற்றிய பத்தியில்தான் வில்லங்கம். ‘இத்திட்டம் ஒரு வெளிப்புற அதிர்ச்சியாக அமைந்ததால் காரணத்தையும் விளைவையும் நம்பகமாகப் பிரித்தறிய முடிகிறது’ என்பது போன்ற ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு எதோடும் சம்பந்தமில்லாமல் வெளியிலிருந்து வந்த மாற்றம் என்று பொருள். கேட்க அழகு. ஆனால் அந்த மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது, ஊரடங்கு வந்தது. அதன்பின் மெல்ல மெல்ல எல்லாருமே வேலைக்குத் திரும்பினார்கள், இலவசப் பேருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். திட்டம் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டமில்லாத மாவட்டம் ஒன்று உள்ளேயே கிடையாது. சரி, நகரப் பேருந்து போகும் ஊரையும் போகாத ஊரையும் ஒப்பிடலாமே என்றால், பேருந்துத் தடம் போடுவதே ஜனநடமாட்டத்தைப் பார்த்துத்தான். வேலை இருக்கும் ஊருக்குப் பேருந்து போகிறது, பேருந்து போனதால் வேலை வந்தது என்று நாம் எழுதுகிறோம்.

ஏஐ-யிடம் குறிப்பாகக் கேட்டால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை அதுவே பட்டியல் போட்டுத் தரும், மறுக்கவில்லை. ஆனால் ‘கட்டுரையை எழுதிக் கொடு’ என்று கேட்டவருக்கு அது கட்டுரையைத்தான் எழுதிக் கொடுக்கும். கையால் எழுதுகிறவர் அந்த ‘வெளிப்புற அதிர்ச்சி’ வாக்கியத்தில் வந்து தடுமாறுவார், பேனாவை வைப்பார், ‘நிஜமாகவா?’ என்று கேட்டுக்கொள்வார். பல ஆய்வுகள் திசை மாறியது அப்படி ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டுதான். தடுமாற்றம் இல்லாத வரைவில் அந்த இடமே தென்படாது.

இந்தியத் தரவைத் தொடுகிறவர்களுக்கு இன்னொரு படுகுழி உண்டு. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் ‘போன மாதம் எவ்வளவு காய்கறி வாங்கினீர்கள்’ என்று கேட்டால் ஒரு பதில், ‘போன வாரம்’ என்று கேட்டால் வேறு பதில். 2011-12 கணக்கெடுப்பில் இரண்டு வகை வினாத்தாளும் ஓடின. கிராமப்புறத்தில் ஆளுக்கு மாதச் செலவு, காய்கறி, மீன், முட்டை போன்றவற்றுக்கு ஒரு வாரக் கணக்கு கேட்ட முறையில் 1,430 ரூபாய். உணவுக்கெல்லாம் முப்பது நாள் கணக்கு கேட்ட பழைய முறையில் சுமார் 1,280. ஒரே நாடு, ஒரே ஆண்டு, கேள்வி மாறியதற்கே 150 ரூபாய் வித்தியாசம். 2022-23 கணக்கெடுப்பில் கிராமப்புறத்துக்கு வந்த 3,773 ரூபாயை இந்த இரண்டில் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து வளர்ச்சியே மாறிவிடும். போதாததற்கு 2022-23-ல் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய்க் கேட்டார்கள். 1999-2000-ல் ஒரே தாளில் ஒரு வாரத்தையும் முப்பது நாளையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுக் குழப்பியதில், வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற சண்டை பல ஆண்டுகள் ஓடியது. ஆங்கஸ் டீட்டன் போன்ற பொருளாதார அறிஞர்கள் அதில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். வினாத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு இது மறக்காது. இரண்டு ஆண்டு எண்களை மட்டும் பார்த்து ‘செலவு கணிசமாக உயர்ந்தது’ என்று எழுதும் இயந்திரத்துக்கு, யாராவது நினைவூட்டாதவரை, இரண்டும் வெறும் எண்கள்.

காக்கையும் பனம்பழமும்

288 கட்டுரைகளுக்குத் திரும்புவோம். முடிவைப் பார்த்துவிட்டு, அதை முதலிலிருந்தே எதிர்பார்த்ததுபோலக் கோட்பாடு எழுதுவதற்கு ஹார்க்கிங் என்று பெயர். உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998-ல் வைத்த பெயர் அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கையின் எடை, காம்பின் பக்குவம், காற்றின் வேகம் என்று பழம் விழுந்ததற்கு ஒரு கோட்பாடு எழுதிவிடலாம். முன்பு அதை எழுத ஒரு மனிதர் உட்கார வேண்டியிருந்தது, கொஞ்சம் வெட்கமும் பட வேண்டியிருந்தது.

பொருளாதார அறிஞர் ஆபெல் ப்ரொடியரும் சகாக்களும் 2016-ல் மூன்று முன்னணி இதழ்களில் வந்த 50,000 புள்ளியியல் சோதனைகளைத் திரட்டி வரைந்தபோது, படம் ஒட்டக முதுகு மாதிரி இரண்டு திமிலோடு வந்தது. தற்செயலாக இப்படி வர 5 சதவீதத்துக்கும் குறைந்த வாய்ப்பே என்ற எல்லையைச் சற்றே தாண்டி ‘முக்கியத்துவம் உடையது’ என்று தேறியவை வழக்கத்துக்கு மேல் குவிந்திருந்தன. மயிரிழையில் தேறாமல் போயிருக்க வேண்டியவை காணாமல் போயிருந்தன. இது ஏஐ-க்கு முந்தைய மனிதர்களின் கைவரிசை. ஆகவே ஏஐ வந்து கெடுத்தது என்று சொல்ல முடியாது. மனிதர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததன் செலவை அது குறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குறைந்தபட்ச ஊதிய விவாதத்தை இதில் வைத்துப் பாருங்கள். 1992-ல் நியூ ஜெர்சி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05-க்கு ஊதியத்தை உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோடு 410 துரித உணவகங்களை ஒப்பிட்டுப் பார்த்து, வேலைவாய்ப்பு குறையவில்லை என்று டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-ல் எழுதினார்கள். பாடப்புத்தகக் கோட்பாட்டின்படி குறைந்திருக்க வேண்டும். முதலாளிக்கு ஊதியத்தை அமுக்கிவைக்கும் பலம் இருந்தால் குறைய வேண்டியதில்லை, கூடக்கூடச் செய்யலாம் என்பது இன்னொரு கோட்பாடு. ஆக எந்தக் குறியோடு முடிவு வந்தாலும் அலமாரியில் ஒரு கோட்பாடு தயார். கூட்டல் குறி வந்த அட்டவணையை ஏஐ-யிடம் கொடுத்தால் ஒன்றை எடுத்துத் தரும், கழித்தல் குறி வந்தால் மற்றதை. இரண்டும் ஒரே சரளம், ஒரே தன்னம்பிக்கை. படிக்கிறவருக்குக் குரலை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

சரளமான எழுத்தும் நேர்த்தியான அட்டவணையும் பெரியவர்களையே கவிழ்த்த கதையும் இருக்கிறது. 2024 நவம்பரில் எம்ஐடி பிஎச்டி மாணவர் ஒருவரின் கட்டுரை வந்தது. பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1,018 விஞ்ஞானிகளுக்கு ஏஐ கருவி தரப்பட்டது, புதிய பொருட்களின் கண்டுபிடிப்பு 44 சதவீதம் கூடியது, காப்புரிமை விண்ணப்பங்கள் 39 சதவீதம் கூடின என்றது. அந்த ஆண்டு நோபல் வாங்கிய டேரன் அசெமோக்லுவும், டேவிட் ஆட்டரும் புகழ்ந்தார்கள், நாளிதழ்கள் எழுதின. 2025 மே மாதம் எம்ஐடி, தரவு எங்கிருந்து வந்தது என்பதிலோ அதன் நம்பகத்திலோ ஆய்வின் உண்மையிலோ தனக்கு நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. அந்தக் கட்டுரையை யார் அல்லது எது எழுதியது என்பது இங்கே பொருட்டே அல்ல. தரவு ரகசியம் என்பதால் யாரும் திறந்து பார்க்கவில்லை, எழுத்தின் பாங்கை வைத்தே நம்பினார்கள் என்பதுதான் பொருட்டு.

இதற்கு நேர் எதிர், ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்களின் விவகாரம். நாட்டின் கடன் ஜிடிபி-யில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்ற 2010 கட்டுரையின் எக்செல் கோப்பை மாசசூசெட்ஸ் மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் கேட்டு வாங்கினார். திறந்து பார்த்தால் சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. அதோடு சில ஆண்டுகள் சேராமல் போனதையும் எடை போட்ட விதத்தையும் சேர்த்துத் திருத்தியபோது, மைனஸ் 0.1 என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமாகியது. கட்டுரையை எத்தனை முறை படித்திருந்தாலும் அந்தப் பிழை தெரிந்திருக்காது. கோப்பு கைக்கு வந்ததால் தெரிந்தது.

அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் இதைப் புரிந்துகொண்டுதான் தன் இதழ்களுக்கென்று ஒரு தரவு ஆசிரியரை நியமித்தது. 2019-லிருந்து, ஏற்கப்பட்ட கட்டுரையின் தரவையும் நிரலையும் அவருடைய குழு ஓட்டிப் பார்த்து, அதே எண்கள் வருகின்றனவா என்று சோதித்த பிறகுதான் அச்சுக்குப் போகிறது. ஏஐ பற்றிய சங்கத்தின் விதி சுருக்கமானது: ஏஐ-யைக் கட்டுரையாசிரியராகப் போட முடியாது, பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும். பெரிய பதிப்பகங்களின் விதிகளும் ஏறக்குறைய இதேதான். ஆசிரியராக முடியாததற்குக் காரணம் எளிது. பிழை வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

‘சொல்ல வேண்டும்’ என்ற பாதிதான் பலவீனம். இலக்கணம் திருத்தியதும் பயன்பாடுதான், முன்னுரை முழுவதையும் எழுதவைத்ததும் பயன்பாடுதான். இரண்டுக்கும் ஒரே வரிக் குறிப்பு போதும் என்றால் அந்த வரியிலிருந்து வாசகருக்குத் தெரிய வருவது ஒன்றுமில்லை. மேலும் உண்மையைச் சொன்னவர் சந்தேகத்துக்கு ஆளாகிறார், சொல்லாதவர் தப்பித்துக்கொள்கிறார். இப்படி ஒரு விதி என்ன பலன் தரும் என்பதை முதலாண்டுப் பொருளாதார மாணவரே சொல்லிவிடுவார்.

ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களின் சிரமத்தைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர் என்றாலும் 288 கட்டுரைகளுக்கு 576 மதிப்பீடுகள். ஒவ்வொன்றும் ஒரு பேராசிரியரின் ஒன்றிரண்டு நாள், பெரும்பாலும் இலவச உழைப்பு. எழுதுகிற பக்கம் மட்டும் மலிந்து படிக்கிற பக்கம் மலியாவிட்டால் வரிசை நீளும். அதனால் படிக்கிற பக்கமும் ஏஐ-யை நாடுகிறது. 2025 ஜூலையில் ஜப்பானிய நாளிதழான நிக்கேய் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தது. பெரும்பாலும் கணினி அறிவியல் சார்ந்த 17 கட்டுரைகளுக்குள், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகவும் கண்ணுக்குத் தெரியாத அளவிலும், ‘நல்ல மதிப்பீடு மட்டும் கொடு’ என்று ஏஐ-க்கு ரகசியக் கட்டளைகள் இருந்தன. மனிதர் படிக்கமாட்டார் என்று எழுதியவருக்கு அவ்வளவு உறுதி.

சரிபார்ப்பதை ஏஐ-யிடமே விட்டுவிடலாமா? ப்ரொடியரின் குழு இதையும் சோதித்திருக்கிறது. வெளியான ஆய்வுகளின் எண்களை மறுபடி வரவைக்கவும் பிழைகளைக் கண்டுபிடிக்கவும் மூன்று வகை அணிகள்: மனிதர்கள் மட்டும், ஏஐ துணையோடு மனிதர்கள், ஏஐ முன்னின்று நடத்தும் அணி. முதல் இரண்டும் எண்களை வரவைப்பதில் ஏறக்குறைய சமம், மூன்றாவது வெகுவாகப் பின்தங்கியது. பிழை கண்டுபிடிப்பதில் மனிதர்கள் மட்டும் இருந்த அணிகளின் கையே ஓங்கியிருந்தது. மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, இந்த முடிவு நிலைக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

எழுத்து நடை அடையாளமாக இல்லாமல் போனால் ஆய்விதழ் ஆசிரியர்கள் வேறு அடையாளம் தேடுவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எழுதியவரின் பல்கலைக்கழகப் பெயர். அடுத்தது கட்டணம்: நிதியியல் இதழ்களில் கட்டுரையை அனுப்பவே இப்போதும் நூற்றுக்கணக்கான டாலர் கட்ட வேண்டும், வெள்ளத்தைத் தடுக்க அதை இன்னும் உயர்த்துவது சுலபம். இரண்டுமே முதலில் அடிப்பது மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து எழுதுகிறவரைத்தான். மொழி விஷயத்தில் ஏஐ அவருக்குக் கொடுத்ததை வாசலிலேயே பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. மூன்றாவதாக மிஞ்சுவது திறந்த தரவும் ஓடுகிற நிரலும். நிறுவனங்களின் ரகசியத் தரவை வைத்து எழுதுகிற பெரிய பல்கலைக்கழகத்துக்காரரால் அதைச் சுலபமாகத் தர முடியாது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தரவோ புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதோடு வினாத்தாளும்.